தேர்ச்சி விழுக்காடும் மாவட்ட வளர்ச்சியும்: தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி விவாதத்தின் அளவுகோல் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிதி ஆயோக் நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். அதே ஆண்டு மே மாதம் வெளியான +2 தேர்வு முடிவுகளில் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டமும் விருதுநகர்தான், தேர்ச்சி 97.05 விழுக்காடு. ஒரே மாவட்டத்தைச் சில மாத இடைவெளியில் ஓர் ஏடு பின்தங்கியது என்றது, இன்னோர் ஏடு முன்னணியில் நிற்பது என்றது.

இது ஓர் ஆண்டின் தற்செயல் அன்று. மாநிலத் திட்டக்குழு 2017இல் வெளியிட்ட மனித வள மேம்பாட்டு அறிக்கையில் மாவட்டங்களுள் கடைசி இடம் பெற்றது அரியலூர். 2025ஆம் ஆண்டு +2 தேர்வில் 98.82 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றதும் அரியலூரே. மறுபக்கம், புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரியும் பெரிய தனியார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இயங்கும் வேலூர், 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் கடைசியாக வந்தது.

பள்ளிகள் நன்றாக இயங்கினால் வட்டாரம் வளரும் என்பது நம் கொள்கைப் பேச்சில் ஏறத்தாழ விதியாகவே நிலைத்துவிட்டது. அந்த விதி மேற்கண்ட மாவட்டங்களில் ஏன் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இங்கு முன்வைக்கப்படும் வாதம் இது: தேர்ச்சி விழுக்காடு மாவட்டத்தின் கணக்கில் வரவாகிறது, தேறிய பிள்ளை அந்தக் கணக்கில் நிற்பதில்லை. கல்வியின் செலவு ஓரிடத்திலும் அதன் வருவாய் வேறிடத்திலும் விழும்வரை, தேர்ச்சித் தரவரிசையை வட்டார வளர்ச்சியின் அறிகுறியாகக் கொள்வது அளவுகோல் பிழை.

இரண்டு வரையறைகளை முதலிலேயே கூறுவது நலம். இங்கே ‘வட்டாரம்’ என்பது வருவாய் மாவட்டம். தேர்வு முடிவுகளும் திட்டங்களும் அந்த அலகில்தான் பேசப்படுகின்றன. ஆனால் மாவட்ட எல்லைகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. அரியலூர் 2007இலும் திருப்பூர் 2009இலும் பிரிந்தன. வேலூர் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ஆகவே நீண்டகாலப் புள்ளிவிவர ஒப்பீட்டை இக்கட்டுரை முயலவில்லை. வெளியிடப்பட்ட முடிவுகளையும் ஐந்து மாவட்டங்களின் வரலாற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறது.

2. கருத்துப் பின்புலம்

2.1 கல்வி ஒரு முதலீடு

கல்விக்குச் செய்யும் செலவை நுகர்வாக அல்லாமல் முதலீடாகக் கருத வேண்டும் என்பதைப் பொருளியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் தியோடர் ஷூல்ட்ஸ். அவரது புகழ்பெற்ற உரை 1961இல் அச்சானது. 1964இல் கேரி பெக்கர் அதற்கு முறையான கோட்பாட்டு வடிவம் தந்தார். வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றி, 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்த மால்கம் ஆதிசேசையா இந்தப் பார்வையை இந்தியக் கொள்கை வட்டாரங்களில் ஓயாமல் எடுத்துரைத்தவர். 1964–66இல் செயல்பட்ட கோத்தாரி ஆணையமும் கல்வியை நாட்டு வளர்ச்சியோடு பிணைத்தே தன் பரிந்துரைகளை வகுத்தது.

2.2 இரண்டு ஐயங்கள்

இக்கோட்பாட்டின்மீது எழுந்த ஐயங்களுள் இரண்டு நம் பொருளுக்கு நேரடியானவை. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ், சான்றிதழ் என்பது திறனை வளர்த்ததற்கான சான்றாக இல்லாமல், வேலை கொடுப்பவர் ஆட்களைச் சலித்தெடுக்க உதவும் குறியீடாகவே இருக்கக்கூடும் என்று காட்டினார். பின்னர் எரிக் ஹனுஷெக்கும் லுட்கர் வோஸ்மனும், பொருளாதார வளர்ச்சியை விளக்குவது பள்ளியில் கழித்த ஆண்டுகளைவிட மாணவர் உண்மையில் பெற்ற அறிவுத்திறனே என்று பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு வாதிட்டனர்.

2.3 அலகு பற்றிய சிக்கல்

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நாட்டை அலகாகக் கொண்டவை. நாட்டுக்கு எல்லை உண்டு. கடவுச்சீட்டும் விசாவும் உண்டு. படித்தவர்களில் பெரும்பாலோர் உள்ளேயே தங்குவார்கள். மாவட்டத்துக்கு அப்படி எல்லை கிடையாது. அரியலூரில் இரவு பேருந்து ஏறினால் விடியும்போது தாம்பரம். நாட்டளவில் உண்மையாகும் ‘படிப்பு வளர்ந்தால் பொருளாதாரம் வளரும்’ என்ற கூற்று, மாவட்ட அளவில் தானாக உண்மையாவதில்லை. நம் விவாதங்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகின்றன.

3. தேர்ச்சி விழுக்காடு எதை அளக்கிறது?

3.1 வகுக்கும் எண்

தேர்ச்சி விழுக்காடு, தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைச் சொல்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேர்வு அறைவரை வந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. 2023 மார்ச்சில் +2 மொழிப்பாடத் தேர்வுக்கு 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே அதிரவைத்தது. ஆனால் அந்த ஆண்டுத் தேர்ச்சி விழுக்காட்டை அது சிறிதும் குறைக்கவில்லை. வராதவர் வகுக்கும் எண்ணில் இல்லை.

தனிப்பட்ட பள்ளி அளவில் இது தூண்டுதலாகவே மாறுகிறது. ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்று வாசலில் ஃபிளெக்ஸ் கட்ட விரும்பும் பள்ளிக்கு, தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்புவதோ, தனித்தேர்வராக எழுதச் சொல்வதோ எளிய வழி. எட்டாம் வகுப்புவரை எல்லோரும் தேர்ச்சி என்ற விதி இருப்பதால், சலித்தெடுப்பு முழுவதும் ஒன்பதாம் வகுப்பில் வந்து குவிகிறது.

3.2 உச்சியில் நெருக்கம்

2024இல் +2 தேர்ச்சியில் முதலிடம் பெற்ற திருப்பூர் 97.45 விழுக்காடு, கடைசி இடம் பெற்ற திருவண்ணாமலை 90.47. இடைவெளி 7 புள்ளிகள்தான். அதே மாநிலத்தில் மாவட்டங்களின் தலா வருமானம் ஒன்றுக்கொன்று இரு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. எல்லோரும் கூரையைத் தொட்டு நிற்கும் அளவை வைத்துக்கொண்டு, வெகுவாக வேறுபடும் இன்னோர் அளவை விளக்க முடியாது என்பது புள்ளியியலின் தொடக்கப் பாடம். பத்தாம் வகுப்பில் நிலைமை சற்று வேறு. அதே 2024இல் அரியலூர் 97.31, வேலூர் 82.07 என 15 புள்ளி இடைவெளி தெரிகிறது. பிள்ளைகள் எங்கே நழுவுகிறார்கள் என்பதை +2 முடிவைவிடப் பத்தாம் வகுப்பு முடிவு தெளிவாகக் காட்டுகிறது.

3.3 அடித்தளம்

தேர்வின் மறுமுனையில் வேறொரு படம். ஊரகக் குழந்தைகளிடம் வீடுவீடாகச் சென்று நடத்தப்படும் ‘ஏசர்’ ஆய்வின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பெருந்தொற்றுக் கால இழப்பு அதில் சேர்ந்திருந்தாலும் 2018இலேயே அந்த எண்ணிக்கை 10 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. ஆய்வின் முறை பற்றி மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆயினும் அரசே 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யையும் 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தொடங்கியது, அடித்தளம் ஆடுவதை ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் வகுப்பில் தட்டுத்தடுமாறும் தலைமுறை பன்னிரண்டாம் வகுப்பில் 95 விழுக்காடு தேறுவது எப்படி? இடையில் நடந்த கற்றல் ஒரு காரணம். மாலைச் சிறப்பு வகுப்பு, ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியல், வினா வங்கி, திரும்பத் திரும்ப வைக்கப்படும் மாதிரித் தேர்வு ஆகியவை சேர்ந்து பிள்ளையை 35 மதிப்பெண்ணுக்கு மேலே தூக்கிவிடுவது மற்றொரு காரணம். முதன்மைக் கல்வி அலுவலர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்கப்படுவது, ‘போன வருடம் எத்தனை, இந்த வருடம் எத்தனை’ என்பதுதான். எதைக் கேட்கிறோமோ அதுவே விளையும்.

4. ஐந்து மாவட்டங்கள்

4.1 விருதுநகர்: வணிகம் கட்டிய பள்ளி

இம்மாவட்டத்தின் கல்வி அரசுத் திட்டத்துக்கு முந்தியது. நாடார் வணிகர்கள் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட மகமைப் பணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பள்ளிகள் எழுந்தன. அவ்வகைப் பள்ளியில் படித்து வளர்ந்த காமராசர் முதலமைச்சரானபின் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கினார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவுடன் சேர்ந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தினார். 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபிறகு நீண்ட காலம் +2 தேர்ச்சியில் முன்னணியில் நின்ற மாவட்டம் இது.

அதே காலத்தில் சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் குழந்தைத் தொழிலாளருக்குப் பேர்போனவை. நடுவணரசின் குழந்தைத் தொழிலாளர் மீட்புத் திட்டம் 1988இல் வந்தபோது சிவகாசியும் அதன் களமானது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பும் இவ்வூரை முன்னிறுத்தியதே. ஒரே மாவட்டத்தில் தேர்ச்சியில் முதலிடமும் தீப்பெட்டிக் கட்டைகளுக்கு முன் குழந்தைகளும் எப்படி உடன் இருக்க முடிந்தது? வகுக்கும் எண்ணில் அந்தக் குழந்தைகள் இல்லாததால் முடிந்தது. பின்னாளில் பள்ளிச் சேர்க்கை பரவலாகிக் குழந்தைத் தொழில் பெரிதும் குறைந்தது உண்மையான வெற்றி. ஆனால் அந்த வெற்றியைத் தேர்ச்சி விழுக்காடு பதிவு செய்யவில்லை. அது முன்பும் உயரத்தில்தான் இருந்தது.

முன்னேற விழையும் மாவட்டங்களுக்கான நிதி ஆயோக்கின் திட்டம் உடல்நலம், கல்வி, வேளாண்மை–நீர்வளம், நிதிச்சேவை–திறன் வளர்ப்பு, உள்கட்டமைப்பு என ஐந்து துறைகளில் 49 குறியீடுகளைப் பார்த்தது. மழை குறைந்த கரிசல் காடும் கூலித் தொழில்களும் அந்தக் குறியீடுகளில் தெரிந்தன. பள்ளி மேலே, மண் கீழே: இரண்டும் ஒரு மாவட்டத்தின் இரு உண்மைகள்.

4.2 கன்னியாகுமரி: படிப்பே ஏற்றுமதி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது குமரி. மேற்கூறிய 2017 அறிக்கையிலும் அதுவே முதலிடம். 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, அவர்பின் வந்த இலண்டன் மிஷனரிகள், திருவிதாங்கூர் அரசின் பள்ளிகள், தோள்சீலைப் போராட்டம் கிளப்பிய தன்மதிப்பு ஆகியவை சேர்ந்து உருவாக்கிய கல்வி அது. 1893இல் நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி உருவானது.

இவ்வளவு படிப்புக்கு ஈடான பெரிய ஆலைகள் மாவட்டத்துக்குள் வரவில்லை. நிலம் குறைவு, மக்கள் நெருக்கம் அதிகம். படித்தவர்கள் ஆசிரியராக, செவிலியராக, பொறியாளராகத் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சென்றார்கள். பணம் திரும்பி வந்தது. அந்தப் பணம் வீடாக, நகையாக, கடையாக, அடுத்த தலைமுறையின் கல்லூரிக் கட்டணமாக மாறியது. பள்ளிக் கல்வி இங்கே வட்டாரத்தை வளர்த்தது என்று சொல்லலாம்; ஆனால் வளர்த்த வழி தொழில் அன்று, புலம்பெயர்வு. இந்த வழிக்கு நூறாண்டு முன்தொடக்கம் தேவைப்பட்டது. ஐந்தாண்டுத் தேர்ச்சி உயர்வால் இதை வேறு மாவட்டம் எட்டிவிட முடியாது.

4.3 திருப்பூர்: தொழில் முந்தி, பள்ளி பிந்தி

திருப்பூர் நேர் எதிர்த்திசை. 1970களில் ஏற்றுமதி தொடங்கி 1980களில் பெருகிய பின்னலாடைத் தொழிலில், வேளாண் குடும்பங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் கூலியாளாகத் தொடங்கி முதலாளியானவர்கள் ஏராளம். சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில், பட்டத்தைவிட உழைப்பையும் உறவுவலையையும் மூலதனமாக்கிக் கொண்டவர்களாக இவர்களைக் காண்கிறார். 2011இலும் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு மாநிலச் சராசரிக்குச் சற்றுக் கீழேதான்.

பின்னர் 2019, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் +2 தேர்ச்சியில் திருப்பூர் முதலிடம். தொழிலில் வந்த பணம் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது என்று இதைப் படிப்பதே பொருத்தம். காரணமும் விளைவும் இங்கே இடம் மாறி நிற்கின்றன. பள்ளியை வளர்ச்சியின் காரணம் என்று மட்டும் பார்ப்பவர்கள், அது பல இடங்களில் வளர்ச்சியின் விளைவு என்பதைத் தவறவிடுகிறார்கள். இதனோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. தையல் இயந்திரங்களின் முன் இன்று அமர்ந்திருப்போரில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர். அவர்களின் குழந்தைகள் எந்த மாவட்டத்தின் தேர்ச்சிக் கணக்கிலும் எளிதாகச் சேர்வதில்லை.

4.4 அரியலூர் (உடன் அண்டை மாவட்டமான பெரம்பலூர்): தேர்ச்சி வந்தது, வேலை வரவில்லை

2011இல் 71.34 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்தின் கடைசி வரிசையில் இருந்தது அரியலூர். அதற்குள்ளே ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் மாநிலத்தின் தலைமைக்கு வந்துவிட்டனர். 2022இல் +2 தேர்ச்சியிலும் 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியிலும் பெரம்பலூர் முதலிடம். 2024இல் பத்தாம் வகுப்பிலும் 2025இல் +2விலும் அரியலூர் முதலிடம். இந்த உயர்வை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. பெரும்பாலும் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள், பெரும்பாலும் அரசுப் பள்ளிகள்.

ஆனால் மாவட்டப் பொருளாதாரம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலைகள், மக்காச்சோளம், பருத்தி, முந்திரி என்ற வட்டத்துக்குள்தான் பல்லாண்டு நின்றது. சிமெண்ட் ஆலை நிலத்தை நிறைய எடுக்கும், ஆட்களைக் குறைவாகவே எடுக்கும். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென 1990களில் நிலம் எடுக்கப்பட்டது. சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. +2 முடித்தவருக்கு உள்ளூரில் ஏறிச்செல்ல அடுத்த படி இல்லாமல் போனது. அண்மையில் பெரம்பலூர் எறையூரில் காலணித் தொழிற்பூங்கா செயல்படத் தொடங்கியதும், ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பரில் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள்.

4.5 வேலூர்: ஆலை இருந்தும் நழுவும் பிள்ளைகள்

2019வரை ஒரே மாவட்டமாக இருந்த வேலூர்–ராணிப்பேட்டை–ஆம்பூர் பகுதி பழைய தொழில் வட்டாரம். தோல் பதனிடுதலுக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் தன் முதல் தொழிற்பேட்டையை அமைத்ததும் ராணிப்பேட்டையில்தான். ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய மருத்துவப் பணி உலகறிந்த மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆயினும் 2024, 2025 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் வேலூர் கடைசி.

காரணங்களைத் தொழிலின் தன்மையிலேயே தேடலாம். தோல், காலணி, பீடி, குடியாத்தத்துத் தீப்பெட்டி ஆகியவற்றில் எதுவும் சான்றிதழ் கேட்பதில்லை. வீட்டிலேயே பீடி சுற்றலாம். பதினைந்து வயதுப் பையனுக்கும் கூலி கிடைக்கும். பெங்களூரு கட்டட வேலை சில மணி நேரத் தொலைவு. படிப்பைக் கேட்காத வேலை பக்கத்திலேயே இருக்கும்போது பள்ளியில் தங்குவதற்கான விலை உயர்கிறது. அரியலூரில் நேர்மாறு: உள்ளூரில் வேலையே இல்லாததால் பள்ளிதான் வெளியேறும் ஒரே வாசல். வறுமை தேர்ச்சியைக் குறைக்கும் என்ற பொதுக் கருத்தைவிட, அருகில் கிடைக்கும் வேலை எந்தத் தகுதியைக் கேட்கிறது என்பது இந்த இரண்டு மாவட்டங்களையும் நன்றாக விளக்குகிறது.

5. பலன் எங்கே போய்ச் சேர்கிறது?

1990களின் பிற்பகுதியிலிருந்து மறைமலைநகர், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என ஒரு தொழில் வளையம் சென்னையைச் சுற்றி எழுந்தது. கார் ஆலைகளைத் தொடர்ந்து மின்னணு ஆலைகள் வந்தன. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருப்பதற்கு இவ்வாலைகளும் பின்னலாடையும் காலணியும் காரணம். திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் இத்தனை படுக்கைகள் தேவைப்படுவதே, அப்பெண்கள் வெளியூர்களிலிருந்து வருகிறார்கள் என்பதற்குப் போதிய சான்று.

இவ்வேலைகளுக்குப் பரவலாகக் கேட்கப்படும் தகுதி +2 தேர்ச்சி. மின்னணுப் பொருத்தல் பிரிவில் இயற்பியல் பாடம் எதுவும் தேவைப்படுவதில்லை. பதினெட்டு வயது நிறைந்தவர், பன்னிரண்டு ஆண்டுகள் மணியடித்தால் வந்து அமர்ந்து பழகியவர் என்பதற்கான அத்தாட்சியாகவே ஆலை அந்தச் சான்றிதழை வாங்குகிறது. ஸ்பென்ஸ் சொன்ன குறியீடு இதுதான். இவ்வளையத்தில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருபதுகளின் நடுவில் மீண்டும் அதே +2 சான்றிதழோடு வெளியே வந்தார்கள். எட்டாண்டு வேலை அந்தச் சான்றிதழின்மேல் எதையும் சேர்க்கவில்லை.

இப்போது வரவு–செலவைப் பார்ப்போம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒரு சிற்றூரில் இருக்கிறது. அங்கே பிள்ளையை வளர்த்தது குடும்பம். பிள்ளை பதினெட்டு வயதில் வெளியேறுகிறது. தொழிற்பேட்டை அமைந்த ஊரின் உள்ளாட்சி அமைப்புக்குச் சொத்துவரி வருகிறது, தொழில்வரி வருகிறது. விடுதி, கடை, போக்குவரத்து எல்லாம் அங்கே பெருகுகின்றன. அனுப்பிவைத்த ஊருக்கு மாதாமாதம் வரும் சிறு தொகையும், பண்டிகைக்கு வரும் பிள்ளையும்தான். மாநில அரசின் கருவூலத்துக்கு இரண்டும் ஒன்றே. அதனால் சென்னையிலிருந்து பார்க்கும்போது இந்தச் சமனின்மை தெரிவதில்லை.

6. கொள்கை விவாதங்கள்

6.1 தேர்வைச் சுற்றிய சீர்திருத்தங்கள்

மாநில அளவில் முதல் மூன்று இடம் பெற்ற மாணவர் பெயர்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டது. நாமக்கல், இராசிபுரம் பாணி விடுதிப் பள்ளிகள் +1 பாடத்தைத் தொடாமலேயே இரண்டாண்டும் +2 பாடத்தை உருப்போட வைத்ததை முறிக்க, 2017–18இல் +1க்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையுடன் அது கைவிடப்பட்டது. மாணவர் தரவரிசை போயிற்று. மாவட்டத் தரவரிசை அப்படியே நீடிக்கிறது. மாணவருக்குக் கேடு என்று கருதிய ஒன்றை மாவட்டத்துக்கு நன்மை என்று கருத என்ன நியாயம் என்பதை எவரும் விளக்கவில்லை.

6.2 வாயிலைப் பற்றிய வழக்கு

2017 முதல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் நுழைவுத் தேர்வு கட்டாயமானது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கை, ஊரக, தமிழ்வழி, அரசுப் பள்ளி மாணவர் சேர்க்கை பாதிக்கப்பட்டதைச் சுட்டியது. 2020இல் மருத்துவத்திலும் அடுத்த ஆண்டு பிற தொழிற்கல்வியிலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. இந்த விவாதம் பெரும்பாலும் சமூக நீதி மொழியில் நடக்கிறது, அது சரியே. அதற்கு ஒரு வட்டாரப் பக்கமும் உண்டு. பின்தங்கிய மாவட்டத்து அரசுப் பள்ளியில் படித்து மருத்துவரானவர் தம் வட்டாரத்துக்குத் திரும்பி வேலைசெய்ய என்ன ஏற்பாடு என்ற கேள்வி விவாதத்தில் பின்னுக்குப் போய்விட்டது.

6.3 உதவித்தொகையும் திறனும்

2022 செப்டம்பரில் ‘புதுமைப்பெண்’, 2024 ஆகஸ்டில் ‘தமிழ்ப் புதல்வன்’ என, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் வந்தன. 2021–22 கணக்கின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4, தமிழ்நாட்டில் 47.0. ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் முதல் திறன் பயிற்சியைச் சேர்த்தது. இவை எல்லாம் பிள்ளையை அடுத்த படிக்கு ஏற்றும் திட்டங்கள். எந்த மாவட்டத்தில் எந்த வேலை உருவாகிறது, அதற்கு எந்தப் படிப்பு என்ற இணைப்பு இன்னும் தளர்வாகவே உள்ளது.

6.4 நிதி

‘பி.எம்.ஸ்ரீ’ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேர மறுத்ததை ஒட்டி, 2024–25க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நடுவணரசு விடுவிக்கவில்லை என்று மாநிலம் குற்றஞ்சாட்டியது. கூட்டாட்சி நோக்கில் இவ்விவாதம் முக்கியமானது. ஆனால் தில்லி சென்னைக்கு எப்படிப் பங்கிடுகிறது என்று கேட்கும் நாம், சென்னை மாவட்டங்களுக்கு எந்த அடிப்படையில் பங்கிடுகிறது என்று அதே கண்டிப்போடு கேட்பதில்லை.

7. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: இடம்பெயர்வது தோல்வியா? ஊரைவிட்டுப் போக முடிவதே, குறிப்பாகப் பெண்ணுக்கும் சாதியால் ஒடுக்கப்பட்டவருக்கும், விடுதலை. இதை முழுமையாக ஏற்க வேண்டும். அமர்த்திய சென் சொல்வதுபோல் விருப்பப்பட்ட வாழ்வைத் தேர்ந்துகொள்ளும் ஆற்றலே வளர்ச்சியின் உரைகல் என்றால், பள்ளி அந்த ஆற்றலைத் தந்துவிட்டது. ஆனால் தனிமனித வெற்றியும் வட்டார வெற்றியும் இரு வேறு கணக்குகள். போக முடிவது விடுதலை. போவதைத் தவிர வேறு வழியில்லை என்பது விடுதலை அன்று.

இரண்டாம் மறுப்பு: பரவலான கல்வி இல்லாமல் இந்தத் தொழில்களே தமிழ்நாட்டுக்கு வந்திருக்குமா? அ. கலையரசனும் ம. விஜயபாஸ்கரும் 2021இல் எழுதிய நூல், அனைத்துச் சாதியினருக்கும் கல்வி பரவியதே மாநிலத்தின் தொழில் வளர்ச்சிக்கும் அடித்தளம் என்று வாதிடுகிறது. மாநில அளவில் அந்த வாதம் வலுவானது. இக்கட்டுரை அதை மறுக்கவில்லை. மாநில அளவில் உண்மையானது மாவட்ட அளவில் தானே இறங்கிவராது என்பது மட்டுமே இங்குள்ள கூற்று.

மூன்றாம் மறுப்பு: தரவரிசை இல்லாவிட்டால் அலுவலரும் ஆசிரியரும் மெத்தனமாகிவிட மாட்டார்களா? இதில் உண்மை உண்டு. அரியலூரும் பெரம்பலூரும் மேலேறியதில் தரவரிசை தந்த அழுத்தத்துக்குப் பங்கு இருக்கும். எனவே அளவீட்டைக் கைவிடுவது தீர்வு அன்று. அளப்பதை மாற்றுவதே தீர்வு.

8. முடிவும் பரிந்துரைகளும்

ஆய்வில் தெளிவாவன மூன்று. ஒன்று, +2 தேர்ச்சி விழுக்காடு கூரையைத் தொட்டுவிட்டது; மாவட்டங்களை வேறுபடுத்தும் ஆற்றலை இழந்துவிட்டது. இரண்டு, பள்ளிக்கும் வட்டாரப் பொருளாதாரத்துக்கும் உள்ள தொடர்பு ஒருவழிப் பாதை அன்று. விருதுநகர், குமரி, திருப்பூர், அரியலூர், வேலூர் ஆகியவை ஐந்து வெவ்வேறு வழிகளைக் காட்டுகின்றன. மூன்று, அந்த வழிகளைத் தீர்மானிப்பதில் பள்ளியின் தரத்துக்கு நிகரான பங்கு, அருகில் கிடைக்கும் வேலை எந்தத் தகுதியைக் கேட்கிறது என்பதற்கும் உண்டு.

இவற்றிலிருந்து நான்கு பரிந்துரைகள்.

(அ) மாவட்டத் தேர்ச்சித் தரவரிசையை நிறுத்திவிட்டு, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு தொகுதிப் பிள்ளைகளில் எத்தனை பேர் உரிய காலத்தில் +2 முடித்தார்கள் என்ற விகிதத்தை வெளியிட வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தகவல் தொகுப்பில் ஓர் எண் ஏற்கெனவே உள்ளது. டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனவரா, படிப்பையே விட்டவரா என்பதை அந்த எண் பிரித்துக் காட்டும். கணக்கில் இல்லாமல் போன பிள்ளை இதனால் கணக்குக்குள் வரும்.

(ஆ) அதனோடு மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளின் வாசிப்பு, கணக்குத் திறன் அளவுகளை ஒன்றியவாரியாக வெளியிட வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் +2 எண்ணுக்குத் தரப்படும் நேரம் இந்த எண்ணுக்கும் தரப்பட வேண்டும்.

(இ) +2 முடித்தவர் மூன்றாண்டுக்குப்பின் எங்கே, எந்தப் படிப்பில் அல்லது எந்த வேலையில் இருக்கிறார் என்பதைப் பெயரின்றி, மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் தரவும் உயர்கல்வித் துறையின் தரவும் இணைந்தால் இதில் பெரும்பகுதி முடியும். சிப்காட் அடுத்த தொழிற்பேட்டையை எங்கே அமைப்பது என்ற முடிவு இந்தத் தரவை முன்வைத்து எடுக்கப்பட வேண்டும். செய்யாறு, எறையூர், ஜெயங்கொண்டம் எனக் காலணித் தொழில் வெளிமாவட்டங்களுக்குப் பரவுவது நல்ல திசை. ஆனால் +2 தேறியவருக்கு வரும் வேலை எட்டாம் வகுப்புப் போதுமான வேலையாக மட்டுமே இருந்தால், வேலூரின் கதை அரியலூரிலும் திரும்பும் அபாயம் உண்டு. மேற்பார்வை, வடிவமைப்பு, இயந்திரப் பராமரிப்பு ஆகிய படிநிலைகள் உள்ளூரில் அமைவதை நில ஒதுக்கீட்டு நிபந்தனையாக்க வேண்டும்.

(ஈ) வெளியூர்த் தொழிலாளரைப் பெருமளவில் ஈர்க்கும் தொழிற்பேட்டைப் பகுதிகளின் தொழில்வரியில் ஒரு பங்கை, அத்தொழிலாளரின் சொந்த மாவட்டத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்குத் திருப்பும் ஏற்பாட்டை மாநில நிதி ஆணையம் ஆராய வேண்டும். பிள்ளையை வளர்த்துக் கொடுத்த வட்டாரத்துக்கு அந்த வளர்ச்சியில் சட்டப்படியான பங்கு என்பது இதன் அடிப்படை.

பள்ளிக் கல்வித் துறையும் தொழில் துறையும் இன்று தனித்தனிக் கோப்புகளாக நடக்கின்றன. ஒன்று மே மாதத்தில் தன் வெற்றியை அறிவிக்கிறது. மற்றொன்று முதலீட்டாளர் மாநாட்டில் தன் வெற்றியை அறிவிக்கிறது. ஒரு மாவட்டத்தின் பிள்ளை இந்த இரண்டு அறிவிப்புகளிலும் இடம்பெற்று, இரண்டுக்கும் இடையில் தன் மாவட்டத்தைவிட்டு வெளியேறிவிடுகிறது. இரண்டு கோப்புகளையும் மாவட்ட அளவில் ஒரே மேசைக்குக் கொண்டுவராதவரை, 98.82 என்ற எண்ணால் அரியலூரின் பள்ளிகளைப் பாராட்டலாம். அரியலூர் வளர்ந்ததாகச் சொல்ல அது போதாது.